பெரிய டயருக்கு எந்த கியர் விகிதம்?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் 31 இன்ச் டயரைக் கழற்றி 35 இன்ச் போட்டதிலிருந்து மேட்டில் இழுவையே இல்லை. ஆக்சில் கியர் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதைச் சுழற்றும் தண்டு 3.73 முறை சுற்றும். எதற்கு மாற்றலாம்?

பதில்: டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், அதனால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று குறைந்து டாப் கியரில் திணறும். 35ஐ 31ஆல் வகுத்து 3.73ஆல் பெருக்குங்கள், 4.21 வரும். கிடைக்கும் விகிதங்களில் 4.10 கிட்டத்தட்ட சரிதான், எண் கூடினால் இழுவையும் கூடும், ஆனால் பெரிய டயரின் எடையும் சேர்கிறதே, பாரத்தோடு மலையேறுபவர் என்றால் நான் 4.56தான் சொல்வேன், நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், பரவாயில்லை. முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் கட்டாயம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் ஓட்டினால், எஞ்சின் சக்தியை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். அப்புறம் ஸ்பீடோமீட்டரையும் பாருங்கள், சரிசெய்யாவிட்டால் இப்போது முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 90ல் போகும்.