அம்மாவுக்குக் கையேடு, அடுத்த வார்டுக்கு வகுப்பா?

வாசகர் கேள்விகள்: மக்கள் நல்வாழ்வு

கேள்வி: நீரிழிவைத் தடுக்கும் ஆய்வு என்று ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் என் தாயாரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கையேடு ஒன்றைக் கொடுத்ததோடு சரி. அடுத்த வார்டிலோ மாதந்தோறும் கூட்டம், நடைப்பயிற்சி என்று நடக்கிறது. இது பாரபட்சம் இல்லையா? மருந்தே கொடுக்காததற்குக் 'கிளினிக்கல் ட்ரயல்' என்ற பெயர் எதற்கு?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இன்னாருக்கு இது என்று ஆய்வின் விதிப்படி முன்கூட்டியே ஒதுக்கி, அதனால் உடல்நலத்தில் ஏற்படும் மாற்றத்தை அளந்தால், கொடுப்பது மாத்திரையானாலும் அறிவுரையானாலும் அது கிளினிக்கல் ட்ரயல்தான்.

பாரபட்சம் என்ற உங்கள் வருத்தத்துக்கு, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தில், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தாரும் சேர்ந்து, 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் 30, 30 ஆகப் பிரித்து, நீரிழிவு வரும் அபாயம் அதிகமுள்ள 1,007 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பாதிக்கு உள்ளூர்க்காரர்களே முன்நின்று நடத்திய குழுக்கூட்டங்கள்; மறு பாதிக்குக் கையேடு. ஆட்களைப் பிரிக்காமல் பகுதிகளைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: ஒரே தெருவில் இரண்டு குழுவினரும் இருந்தால், வகுப்பில் கேட்டது அன்று மாலையே குழாயடியில் அடுத்தவருக்குப் போய்விடும்.

2018இல் வெளியான முடிவின்படி, கூட்டங்கள் நடந்த பகுதிகளில் 14.9 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்திருந்தது. கையேடு மட்டும் பெற்ற பகுதிகளில் 17.1 சதவீதத்தினருக்கு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே கணக்கு. காய்கறி, பழம் உண்பது கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கையேட்டுக் குழு மட்டும் இல்லாதிருந்தால், '100க்கு 85 பேரைக் காப்பாற்றிவிட்டோம்' என்று மேடை போட்டுப் பேசியிருப்பார்கள். சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுள் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு. இந்த 55 தெரிந்ததால்தான் 39.3 எவ்வளவு பெரிய லாபம் என்று நமக்குப் புரிகிறது. அந்த 55ஐத் தந்தவர்கள் உங்கள் தாயாரின் நிலையில் இருந்தவர்களே.

இன்னொன்று. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம். போலி நடைப்பயிற்சி கொடுக்க வழியில்லை. ஆகவே, அளவெடுக்க வருபவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். நான் களப்பணியில் இருந்த காலத்தில், இடுப்பளவு எடுக்கும்போது வீட்டுக்காரர் ஒருவர் "வகுப்பில் சொன்னபடி ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். நாடாவைப் பிடித்திருந்த பெண் படிவத்தின் ஓரத்தில் 'குழு தெரிந்துவிட்டது' என்று குறித்துக்கொண்டார். மறுமுறை அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பினோம்.

நீங்கள் கேட்டே தீர வேண்டியவை இரண்டு. பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாகத் தெரிந்தால் உடனே சொல்லி மருத்துவரிடம் அனுப்புவார்களா? வகுப்பால் பயன் உண்டு என்று தெரிந்தால், ஆய்வு முடிந்ததும் அதை உங்கள் வார்டிலும் நடத்துவார்களா? முதல் கேள்விக்கு மழுப்பினால் அந்த ஆய்வை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: 'ஸ்பான்சர்: பல்கலைக்கழகம்' என்று படிவத்தில் உள்ளது. செலவு முழுவதும் அவர்களுடையதா?
– வாசகர், தென்காசி

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் ஸ்பான்சர் என்றால் பணம் கொடுப்பவர். ஆய்வில் அந்தச் சொல், ஆய்வைத் தொடங்கி நடத்தும் பொறுப்பை ஏற்பவரைக் குறிக்கும். நெய்யாற்றின்கரை ஆய்வுக்கு ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பணம் தந்தது. இந்தியக் கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டில் முதன்மை ஸ்பான்சருக்கு ஓர் இடமும், பண உதவி வந்த வழிக்கு வேறோர் இடமும் உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யும் ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. பதிவெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையெழுத்துப் போட்ட பிறகு விலகலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் உங்களுக்குக் கிடைத்துவரும் வழக்கமான சிகிச்சை எதையும் நிறுத்தக் கூடாது. விலகுவதைச் சொல்லிவிட்டு விலகினால், அவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.