நீலகிரியில் காடு குறைந்தது எப்படி? – கேள்வி பதில்

காடழிப்பு பற்றிக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீலகிரியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சோலை என்று நான் சொல்வது உயர்மலைப் பள்ளங்களில் வளரும் பசுமைக் காட்டை. சோலைக் கன்று நாற்றங்காலும் புல்வெளி மீட்பும்தான் என் வேலை. அதனால் நான் பார்த்துப் பழகிய மலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவி: சார், பாடப் புத்தகத்தில் விவசாயம், மரவெட்டு, அணை, சாலை என்று காரணங்களை அடுக்கியிருக்கிறார்கள். நீலகிரியில் எது முக்கியக் காரணம்?

எல்லாமே உண்டும்மா, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் ஊட்டி ஊராகிவிட்டது. 1852-ல் வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு வந்தது. அத்தனை அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு சோலையிலிருந்துதான் போனது. சோலை மரம் மெதுவாக வளரக்கூடியது, வெட்டுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (தைலமரம், யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில், சீகைக்காய் அல்ல) கொண்டுவந்தார்கள். காப்பி, சின்கோனா, தேயிலை என்று தோட்டங்களும் பரவின. சுதந்திரத்துக்குப் பிறகு குந்தா மின்திட்ட அணைகள், சிறுமுகை விஸ்கோஸ் (செயற்கை இழை) ஆலைக்கு மரக்கூழ், தோல் பதனிடச் சீகைப்பட்டை. இப்போது ரிசார்ட், காட்டேஜ்.

உலகக் கணக்கு வேண்டுமென்றால், 2015 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 1 கோடி ஹெக்டேர் காடு அழிந்தது என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. அதில் மிகப் பெரும் பங்கு பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போனது. நீலகிரியின் மேல்மட்டத்தில் நடந்தது வேறு. அங்கே மரம் நட்டே இயற்கையை அழித்தார்கள். இதை எந்தத் தேர்வில் எழுதினாலும் தைரியமாக எழுது.

திருச்சி வாசகர்: மரம் நட்டு அழித்தார்களா? புரியவில்லையே.

சுமார் 1,800 மீட்டருக்கு மேலே நீலகிரி முழுக்கக் காடாக இருந்ததே இல்லை. பள்ளங்களில் ஓடையை ஒட்டிச் சோலை, மேட்டுச் சரிவுகளில் புல்வெளி. டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் உறைபனி விழும். சோலை மரக் கன்று அதில் கருகிவிடும். புல்லின் குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் நுனி காய்ந்தாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். வரையாடு மேய்வதும் தோடர்களின் எருமை மேய்வதும் இந்தப் புல்லில்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இதே சரிவுகளில்தான்.

வெள்ளைக்கார அதிகாரிகள் இதைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்களும் அதை மாற்றவில்லை. வருவாய் தராத நிலத்தில் மரம் நட்டால் லாபம்தானே என்ற எண்ணம். பழனி மலையிலும் இதுதான் நடந்தது. அங்கே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், 40 ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனது தெரியவந்தது. ஒரு மலையில் ஒரு தலைமுறைக்குள் நடந்த இழப்பு இது.

மேட்டுப்பாளையம் விவசாயி: அண்ணா, பவானியில கோடைத் தண்ணி குறையறதுக்கும் மேல இருக்கிற மரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு தம்பி. இதை ஊகமாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண் நீர்வள ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை, அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வந்துசேரும் நிலப்பகுதிகளை, எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, இரண்டிலும் ஓடைக்குக் குறுக்கே அளவுத் தடுப்பு கட்டி வருடக்கணக்கில் தண்ணீரை அளந்தார்கள். மரம் வைத்த பக்கம் முதல் 10 ஆண்டுகளில் வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த 10 ஆண்டுகளில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கட்டையிலிருந்து வரும் துளிருக்கு வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, அதனால் உறிஞ்சல் கூடுகிறது.

இதில் உங்களைப் பாதிப்பது கோடை ஓட்டம். பனிக்காலத்தில் புல் காய்ந்து ஓய்ந்துவிடும், தண்ணீர் எடுக்காது. மழையில் இறங்கிய நீர் பள்ளத்துச் சதுப்பில் தங்கி மார்ச், ஏப்ரலிலும் ஓடைக்குக் கசிந்துகொண்டிருக்கும். கற்பூர மரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. பிப்ரவரி கடைசியில் ஒரு சோலைக்குள் போய் இலைச் சருகை விலக்கிக் கையை வையுங்கள், மண் விரலில் ஒட்டும். கற்பூரத் தோப்பில் சருகு எண்ணெய்ப் பிசுக்கோடு மக்காமல் கிடக்கும், அடியில் மண் பொடியாக உதிரும்.

பவானிக்கு வரும் தண்ணீர் முழுவதையும் இந்த ஒரு காரணத்தில் கட்டிவிடக் கூடாது. மழை, அணை இயக்கம், வழியில் எடுக்கும் தண்ணீர் எல்லாம் உண்டு.

சென்னை வாசகர்: இந்தியாவில் காடும் மரமும் சேர்ந்து 25.17 சதவீதம் என்று 2023 இந்திய வன நிலை அறிக்கை சொல்கிறது. கூடியிருக்கிறது என்கிறார்கள். நீங்கள் எதிர்மாறாகப் பேசுகிறீர்களே?

அந்தக் கணக்கில் 1 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் போதும், காட்டுப் பரப்பாகிவிடும். என்ன மரம், யார் நட்டது என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பும் சேரும், தைலமரத் தோப்பும் சேரும். சோலையை வெட்டி நட்ட தோப்பு அதில் இழப்பாகத் தெரியாது. புல்வெளியில் சீகை பரவினால் காடு கூடியதாகவே தெரியும். எண் தப்பில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அந்த எண்ணுக்குள் இல்லை.

குன்னூர் இல்லத்தரசி: மழை பெய்தாலே பயமாக இருக்கிறது. மண்சரிவுக்குக் காடழிப்புதான் காரணமா?

பெரும்பாலும் சரிவைக் கையாண்ட விதம் காரணம். 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் இறந்தார்களே, அப்போது சாலைக்கும் வீட்டுக்கும் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டிய இடங்களும், ஓடையை அடைத்துக் கட்டிய இடங்களும் மோசமாக அடிபட்டன. ஆழ வேர் பிடித்திருந்த மரம் போய் கேரட்டும் உருளைக்கிழங்கும் வந்த சரிவில் மேல்மண் தாங்காது. ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது காட்டுச் சரிவுகளும் சரிந்தன. அப்படிப்பட்ட மழையைக் காடும் முழுதாகத் தடுக்காது. உங்கள் வீட்டுக்கு மேல் பக்கம் புதிதாக மண் வெட்டியிருந்தால், சுவரில் புதுவிரிசல் வந்தால், ஊற்று திடீரென்று கலங்கி வந்தால், யாருக்கும் காத்திருக்காமல் இடம் மாறிவிடுங்கள் அம்மா.

கூடலூர், தோட்டத் தொழிலாளியின் மகன்: எப்போது பார்த்தாலும் காட்டை அழித்தது நாங்கள் என்கிறார்கள். எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது யார்?

உங்கள் கோபம் நியாயமானது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகள் முடிவெடுத்தன. உங்கள் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்துக்காகக் காட்டு நிலம் திருத்தப்பட்டது. முடிவு அரசுடையது, உழைப்பு மட்டும் உங்களுடையது. 2022-ல் அந்தத் திட்டத்திலிருந்து வந்த அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திரும்பப் போனது. காட்டுக்கு அது நல்லதுதான், ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் இருக்கும் குடும்பம் எங்கே போவது என்பதையும் சேர்த்துத் தீர்க்காமல் செய்தால் அது அநியாயம்.

கூடலூரில் பெரிய அளவில் மரம் போனது ஜென்ம நிலத் தகராறில். ஜென்மம் என்றால் ஜமீன் போன்ற பரம்பரை நில உரிமை. 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் வழக்குகள் முடியவில்லை. யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத நிலத்தில் மரம் சரிந்துகொண்டே இருந்தது. அதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் (அரச குடும்பம்) சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, யார் கையில் இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே காடல்லாத வேலை நடக்கக் கூடாது என்றது. நாடு முழுக்கக் காட்டைக் காத்த உத்தரவு உங்கள் ஊர்ப் பிரச்சினையிலிருந்து பிறந்தது.

ஈரோடு வாசகர்: அப்படியென்றால் சீகையை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிடலாமே?

கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மொத்தமாக வெட்டி வெயில் பட்டால், அல்லது தீப்பிடித்தால், அடுத்த மழைக்கே கீரைப்பாத்தி போல நாற்று கிளம்பும். பள்ளத்தில் பழைய சோலைக் கன்றுகள் சீகை நிழலிலேயே எழும்பியிருக்கும், அங்கே மரத்தை விட்டு வைத்துக் கன்றைக் காப்பாற்ற வேண்டும். புல்வெளியில் புதிதாகப் பரவும் விளிம்பில்தான் முதலில் கை வைக்க வேண்டும். பிடுங்கிய இடத்துக்கு வருடாவருடம் திரும்பிப் போய்ப் பிடுங்கத் தெம்பும் பணமும் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

கோத்தகிரி பள்ளி ஆசிரியை: ஐயா, பிள்ளைகளோடு மரக்கன்று நட ஆசை. எதை நடலாம்?

முதலில் இடம் எது என்று பாருங்கள் டீச்சர். திறந்த புல் மேடு என்றால் எதையும் நடாதீர்கள். ஓடைக்கரை, சிதைந்த சோலை ஓரம் என்றால் அந்தச் சோலையிலேயே உள்ள காட்டு நாவல், மலைச் செண்பகம் போன்றவற்றின் விதையை, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உதிர்ந்ததில் கொஞ்சம் மட்டும் பொறுக்குங்கள். சதையைக் கழுவிவிட்டு ஈரம் காயும் முன் பையில் போடுங்கள், சோலை விதைகள் பல காய்ந்தால் முளைக்காது. கன்று நன்றாகத் திடம் பெறும் வரை நிழலில் வைத்து வளர்த்து, தென்மேற்கு மழை தொடங்கும் ஜூனில் நடுங்கள். முதல் இரண்டு பனிக்காலம் கன்றின் மேல் காய்ந்த புல் மூடாக்குப் போடப் பிள்ளைகளுக்கு முறை வைத்துவிடுங்கள்.