லோடர் டிராக்டரின் முன் அச்சு முறிந்தது: நட்டத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: திருகோணமலை, தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் லோடர் பூட்டிய 45 குதிரைவலு டிராக்டர் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். மண் ஏற்றுவதற்கென்று ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு நாள் வாடகைக்குக் கொடுத்தேன். அவருடைய சாரதி அதை வைத்துக் கிரவல் மேடும் வெட்டியிருக்கிறார். முன் அச்சு முறிந்துவிட்டது. விற்றவர்கள் "பிழையான பாவனை, வாரண்டி இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முறிந்த அச்சை ஒட்டக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வழக்கின் பாதி அந்த இரும்பில்தான் இருக்கிறது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்து வழுவழுப்பாகவும் மிச்சம் புதிதாகச் சொரசொரத்தும் இருந்தால், வெடிப்பு முன்பே விழுந்து மெல்ல வளர்ந்திருக்கிறது. வார்ப்புக்குள் குமிழ் ஓட்டை தெரிந்தால் உற்பத்திக் குறை என்று வாதிடலாம். முகம் முழுக்கப் புதிதென்றால் ஒரே அடியில் போனது. விற்றவர் பக்கம் பலக்கும். பெற்றோலில் கழுவ வேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். வண்டி ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மணி மீற்றரோடு சேர்த்துப் படமெடுத்து, உலர்வாகச் சுற்றி வைத்து, பட்டய இயந்திரப் பொறியியலாளர் ஒருவரிடம் அறிக்கை எடுங்கள்.

விற்றவரின் வாதத்தை லேசாக எண்ணாதீர்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் 7 தொன்னுக்கு மேல் நிறையுள்ளது, வெட்டுவதற்கென்றே கட்டிய சட்டகம் அதற்கு உண்டு. டிராக்டருக்கோ என்ஜினும் கிளச் கூடும் கியர்பெட்டியும் போல்ட்டில் இணைந்ததுதான் முதுகெலும்பு. உதிரி மண் அள்ளுகிற லோடரை ஓட்டிவந்து கிரவல் சுவரில் குத்தினால், அடி முழுவதும் முன் அச்சில் இறங்கும். பின்னால் எதிர்ப்பாரம் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

ஆனால் லோடரைப் பூட்டியது யார்? விற்றவரே பூட்டி, எதிர்ப்பாரமும் தராமல், "எந்த மண் வேலையும் செய்யலாம்" என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. வாங்குபவர் தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். குறித்த மாதிரியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு மெலியும். ஆகவே விலைமனு, வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம். லீசிங் என்றாலும் விற்றவர் மீது உங்களுக்கும் உரிமை உண்டு. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கான முறைப்பாட்டை வாங்கி 3 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது.

என் கணிப்பில் ஒப்பந்தக்காரர்தான் உங்களுக்கு நல்ல இலக்கு. வாடகைக்கு எடுத்தவர் பேசிய வேலைக்கு மட்டுமே பாவிக்கலாம், மீறினால் சேதத்துக்குப் பொறுப்பு என்பது நம் நாட்டில் செல்லும் ரோமன் டச்சுச் சட்டம். ஓட்டியது அவருடைய ஆள் என்பதால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமென்றால் 3 வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். அதற்கு முன் விற்றவர், ஒப்பந்தக்காரர் இருவருக்கும் தனித்தனியே சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்.

அந்தக் கிரவல் மேட்டுக்கு புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருந்ததா என்பதைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.