ஆம்பிளிஃபையர் வயரை மாற்றினால் பாட்டு தெளியுமா?

கேள்வி: ஐயா, அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய ஜப்பான் ஆம்பிளிஃபையர் இன்னும் வீட்டில் பாடுகிறது. அதன் கரண்ட் வயர் கழற்ற முடியாதபடி பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது. உள்ளே இரண்டு கம்பிதான். அதை வெட்டிவிட்டு 480 மலேசிய வெள்ளிக்கு ஒரு தடித்த வயர் போட்டால் பாட்டு துல்லியமாகக் கேட்கும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. வயரை மாற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் வேறு.

முதலில் கணக்கு. இந்த மாதிரி பெட்டிகளுக்குப் பொதுவாக வருவது 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. ஒரு மீட்டருக்கு அதன் தடை சுமார் 0.026 ஓம். ஒன்றரை மீட்டர் வயர் என்றால் போக வர 3 மீட்டர், மொத்தம் 0.078 ஓம். வீட்டில் கேட்கும் அளவுக்கு ஆம்பிளிஃபையர் 1 ஆம்பியர் இழுப்பதே அதிகம். அப்படி இழுத்தாலும் வயரில் குறைவது 0.08 வோல்ட். இரண்டு மடங்கு தடிமனான 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.04 வோல்ட் குறையும். 230 வோல்ட்டில் இந்த 0.04 வோல்ட்டுக்குத்தான் 480 வெள்ளி கேட்கிறார்கள். உங்கள் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது சுவரில் வரும் வோல்ட்டேஜ் அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். அதன் பிறகு உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பெரிய கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. பாட்டுக்கு வேண்டிய கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது அவைதாம்.

சரி, எப்போது மாற்ற வேண்டும்? பிளக்கைக் கழற்றிவிட்டு, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் நாற்பது வருடம் கிடந்த உறை காய்ந்த வாழைப்பட்டை மாதிரி விறைத்துப்போயிருக்கும். வளைக்கும்போது கோடு கோடாக வெடித்தாலோ, வெடிப்புக்குள் செம்பு மின்னினாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

நுழையும் துளையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பிடி இருக்கும், பார்த்தீர்களா? வயரைப் பிடித்து இழுத்தாலும் உள்ளே இருக்கும் சால்டர் விடாமல் காப்பது அதுதான். தகட்டின் விளிம்பு வயரை அறுக்காமல் தடுப்பதும் அதுதான். வயரின் தடிமனுக்கு அளவெடுத்துச் செய்தது. தடித்த வயர் அதற்குள் போகாது. அதனால் பிடியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் துளையில் வயரைத் திணிக்கிறார்கள்.

அதை நானும் செய்திருக்கிறேன். சுங்கை சிப்புட்டில் கடை போட்ட புதிதில், தோட்டத்து மாரியம்மன் கோவில் ஆம்பிளிஃபையருக்கு நல்ல தடித்த வயராகப் போட்டுக் கொடுத்தேன். பிடி போடவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா லாரியில் ஏறி இறங்கியதில் தகடு உறையை அறுத்து, பெட்டியிலும் மைக் வயர் வழியாக மைக் கம்பத்திலும் கரண்ட் ஏறிவிட்டது. தீமிதி அன்று, தண்ணீர் தெளித்த மண்ணில் வெறுங்காலோடு நின்று மைக் கம்பத்தைப் பிடித்த அண்ணன் தூக்கி வீசப்பட்டார். பெட்டிக்கு எர்த் இல்லாததால் ஃபியூஸும் போகவில்லை. உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் கருகிய தழும்பு மட்டும் கடைசிவரை போகவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். உறையில் அரை அங்குல வெட்டு, பிளேடால் கீறியது போல. அதிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் அந்தத் துளையைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் பெட்டிக்கு அதே தடிமனில், சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள புது இரட்டைக் கம்பி வயர் போதும். சில வெள்ளிதான் ஆகும். பழைய பிடியைக் குறட்டால் நெருக்கிக் கழற்றி, புது வயரில் மாட்டி, திரும்ப அழுத்தச் சொல்லுங்கள். பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. நீங்களே திறப்பதாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்க வேண்டாம்.

பெட்டியில் மூன்று முனை சாக்கெட் பொருத்துகிறேன் என்பார்கள். பெட்டியின் பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால், அது எர்த் தேவைப்படாத இரட்டை உறைப் பெட்டி. அதில் மூன்று முனை வைத்தால், நாளை திறப்பவர் உள்ளே எர்த் இருப்பதாக நம்பிவிடுவார். தகட்டை அராவும்போது இரும்புத் தூளும் சர்க்யூட் பலகையில் விழும். கழற்றி மாட்டும் வயர்தான் வேண்டுமென்றால் இரண்டு முனை சாக்கெட் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

அப்புறம், சுவர் சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைச் செருகித் திறந்து இரண்டு முனை பிளக்கைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. விட்டுவிடுங்கள். வயரின் சுவர்ப் பக்க முனையில் முறையான மூன்று முனை பிளக் மாட்டி, அதற்குள் சிவப்பு நிற 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இவ்வளவு மெல்லிய வயரைக் காப்பாற்றாது.

கேள்வி: என் ஆம்பிளிஃபையர் 'ம்ம்ம்' என்று இரைகிறது. பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?
– வாசகி, பாகான் செராய்

பதில்: வேண்டாம்மா, இன்றே திரும்ப மாட்டிவிடுங்கள். எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால்தான் அந்த இரைச்சல். ஆம்பிளிஃபையருக்குப் பின்னால் வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ, வழி அங்கே இருக்கிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டராகவோ கூரை மேல் உள்ள டிஷ்ஷிலிருந்து வயர் வரும் டிவி பெட்டியாகவோ இருக்கும். அந்த ஒரு கம்பிக்கு மட்டும் நடுவில் ஆடியோ ஐசொலேட்டர் (எர்த் வழியைத் துண்டித்து ஒலியை மட்டும் விடும் சிறு கருவி) ஒன்று வாங்கி மாட்டுங்கள்.