படகுல பிராக்கெட் போட்ட பிறகு திரும்பும்போது இன்ஜின் அலறுதா?

அண்ணே, 10 இன்ச் பிராக்கெட் (இன்ஜினை படகுலேர்ந்து பின்னால தள்ளி மாட்டுற சட்டம்) போட்டு இன்ஜினை 3 இன்ச் தூக்கிட்டேன், திரும்பும்போது அலறுது ஆனா வேகம் வரலன்னு கேட்டிருந்தீங்கல்ல, அது ப்ரொப்பல்லர் காத்த இழுக்குறதுதான், ப்ரொப்பல்லர மாத்தி காச வீணாக்காதீங்க.

படகு ஓடும்போது அதுக்குப் பின்னாடி தண்ணி கொஞ்சம் எழும்பி வரும், அதனாலதான் பிராக்கெட்ல இன்ஜினை தூக்கலாம்னு சொல்றது, ஆனா இன்ஜினை ஒரு அடி பின்னால தள்ளினா சுமார் 1 இன்ச் தூக்கலாம், அவ்ளோதான் ஆரம்பக் கணக்கு. நீங்க 3 போயிட்டீங்க.

மொதல்ல கரையில வச்சு அளங்க. நேரான அலுமினிய பைப் ஒண்ண படகோட அடியில ஒட்டிப் பிடிச்சு பின்னால நீட்டுங்க, ப்ரொப்பல்லருக்கு மேல தட்டையா ஒரு தகடு இருக்குல்ல, அது பைப்புக்கு எவ்ளோ மேல நிக்குதுன்னு பாருங்க, இன்ஜின் நேரா இருக்கணும், ட்ரிம் (இன்ஜினோட சாய்வு) ஏத்தி வச்சு அளந்தா தப்பா வரும் (நானே அப்படி அளந்து ஒரு நாள் பூரா போல்ட் கழட்டி மாட்டினேன்).

இன்ஜினை மாட்டுற போல்ட் ஓட்டை பெரும்பாலும் முக்கால் இன்ச் இடைவெளிதான், ரெண்டு ஓட்டை இறக்கிட்டு வழக்கமான லோடோட ஓட்டிப் பாருங்க. வேகத்துல போகும்போது அந்தத் தகடு தண்ணி மட்டத்தை உரசிக்கிட்டு லேசா தெரியணும். இன்னும் அலறினா இன்னொரு ஓட்டை இறக்குங்க, தண்ணி பீச்சியடிச்சு ஸ்டீரிங் கனமானா ரொம்ப இறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

இன்ஜின் பின்னாடி கூலிங் தண்ணி பீச்சுதே, அது மெலிஞ்சா உடனே ஆஃப் பண்ணிடுங்க.