8 ஜிபி ரேம் போதவில்லை, விலையோ எகிறிக் கிடக்கிறது: இப்போது வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் 5 ஆண்டுப் பழைய மேசைக் கணினி, டிடிஆர்4, 8 ஜிபி ரேம். மகளின் இணைய வகுப்பும் பிரவுசரும் சேர்ந்து ஓடினாலே திணறுகிறது. ரேம் விலை ஏறிவிட்டதால் மதர்போர்டோடு சேர்த்து டிடிஆர்5-க்கே மாறிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாறலாமா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: மாற வேண்டாம். மாறினால் மதர்போர்டு, பெரும்பாலும் பிராசசர், அதற்கு மேல் இன்று விலை உச்சத்தில் இருக்கும் டிடிஆர்5 ரேம் என்று மூன்றுக்கும் வெள்ளியைக் கொட்ட வேண்டும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் பொருந்தாது என்பதால் கையில் உள்ள 8 ஜிபியும் வீணாகும்.

விலை ஏறியதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல. ரேமுக்குள் இருக்கும் டிராம் சில்லுகளில் பெரும்பங்கு சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக நினைவகத்தில்தான் அவற்றுக்கு இப்போது லாபம். அதே கொள்ளளவுக்கு டிடிஆர்5-ஐவிட ஏறத்தாழ 3 மடங்கு வேஃபரை (சில்லுகள் செய்யும் சிலிக்கான் தகட்டை) எச்பிஎம் விழுங்கிவிடும். வீட்டுக் கணினிகளுக்கு ரேம் விற்ற தன் குருஷியல் பிராண்டு வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. உட்லண்ட்ஸில் அதன் ஆலை இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்; அங்கே முக்கியமாகத் தயாராவது கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குள் போகும் நாண்ட் சில்லு, ரேம் சில்லு அல்ல.

முதலில் அளந்து பாருங்கள். கணினி திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். 'கமிட்டட்' (ஓடும் நிரல்கள் கேட்டு வைத்திருக்கும் நினைவகம்) என்பதில் முதல் எண் 11, 12 ஜிபி என்று காட்டினால் இன்னொரு 8 ஜிபி போதும். 32-க்குத் தாவத் தேவையில்லை. அந்த எண் 7-க்குள் நின்று, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் இருந்தால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். அப்போது எஸ்எஸ்டி வாங்குவதே சரி, அதன் விலையும் ஏறியிருந்தாலும்.

அதே திரையில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 அல்லது 1 ஆஃப் 4 என்றிருந்தால் காலி இடம் உண்டு. ஏற்கெனவே உள்ள ரேமின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே வேகம் கிடைத்தால் நல்லது; வேறு பிராண்டு என்றாலும் பெரும்பாலும் ஓடும், ஆனால் இரண்டும் மெதுவான ரேமின் வேகத்துக்கு இறங்கிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், இரண்டு ரேம்களும் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் ஜோடியாக, ஓடும்போது படம் காட்டும் வேகமும் கூடும்.

மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு கேஸின் உலோகப் பகுதியைத் தொட்டு நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசசரிலிருந்து 2-ஆவதும் 4-ஆவதும்தான் ஜோடி. அவற்றில் இரண்டு ரேமையும் வைத்து, கிளிப் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். திரை கறுப்பாகவே இருப்பதற்கு, ரேம் அரைகுறையாக உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியும் வரவில்லையா? புதிதாகப் போட்ட ரேமைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கி, பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, மீண்டும் போட்டுப் பாருங்கள்.

பிறர் பயன்படுத்திய பழைய டிடிஆர்4 வாங்கத் தயங்க வேண்டாம், ரேம் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளிலோ, தனியார் பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்திலோ தேடலாம். கடையில் வாங்கினால், குறையுள்ள பொருளுக்கான எலுமிச்சைச் சட்டப்படி (லெமன் லா), பழைய பொருளானாலும் 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறைக்கு வழியுண்டு. தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கே வாங்கினாலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், ஒவ்வொரு ரேமையும் தனித்தனியே சோதித்துவிட்டு, கோளாறு இப்போது வாங்கியதில்தான் என்றால் மறுநாளே திருப்பிக் கொடுங்கள்.