அலுவலக ஆலோசகரிடம் பேசலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பணியாளர்களுக்கு இலவச மனநல ஆலோசனை, முற்றிலும் ரகசியம்’ என்று ஒரு தொலைபேசி எண் இருப்பதாகவும், மேலாளரின் கெடுபிடியால் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டதாகவும், அந்த எண்ணை அழைத்தால் விஷயம் மேலாளர் காதுக்கும் அங்கிருந்து விசா வரைக்கும் போய்விடுமோ என்று நீங்களும் மனைவியும் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீடு, வருமான வரி, ஓட்டுநர் உரிமம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, நான் விட்டுவிடுகிறேன். இந்த ஒரு கேள்விக்குத்தான் நம்மவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

அழைக்கலாம். ஆனால் பேசப்போகும் ஆள் யாருடைய ஆள், அவர் யாருக்கு என்ன சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைத் தெரிந்துகொண்டு அழைக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும், ஈ.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பணியாளர் உதவித் திட்டத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமே நடத்துவதில்லை. வெளியே உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்பந்தமாக ஒப்படைத்துவிடுகின்றன. அந்த வெளி நிறுவனம் முதலாளிக்குக் கொடுப்பது, எத்தனை பேர் அழைத்தார்கள், பணிச்சுமையா, குடும்பமா, கடனா என்ற பெயரில்லாத தொகுப்புக் கணக்கு மட்டுமே. பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் கிளையில் பெயரில்லாத கணக்குகூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்பதால், கணக்கு கிளைவாரியாகப் போகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆலோசகர் உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே அறை வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை: அவர் எழுதும் குறிப்புகள் எங்கே இருக்கும், அவருடைய மேலதிகாரி யார் என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் ஆலோசகரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரியவந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால் அவர் பேச வேண்டியிருக்கும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தந்த ஒரு தீர்ப்பு, நோயாளியால் ஆபத்துக்குள்ளாகும் மூன்றாம் மனிதரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சையாளருக்கு உண்டு என்று நிலைநாட்டியது. மேலாளர் மீதுள்ள கோபத்தைக் கொட்டும்போது, ‘அவனை ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நாம் வாய்ப்பேச்சாகச் சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடும்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை வேறு. நீங்களாக அழைப்பது ஒன்று. மேலாளர் எழுத்து மூலம் உங்களை அனுப்பிவைப்பது இன்னொன்று. இரண்டாவதில் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் நீங்கள் வந்தீர்களா, தொடர்கிறீர்களா என்பதை மட்டும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் அனுமதி அது. அதற்கு மேல் ஒரு வரி இருந்தாலும் கையெழுத்திடுமுன் விளக்கம் கேளுங்கள். மூன்றாவதாக, பணித்தகுதி மதிப்பீடு என்று ஒன்று உண்டு. அது ஆலோசனையே அன்று. நீங்கள் வேலை செய்யத் தகுந்த நிலையில் இருக்கிறீர்களா என்று நிறுவனம் கேட்டு வாங்கும் அறிக்கை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘கவுன்சிலிங் போனான், வேலை போயிற்று’ என்று கதை பரப்புவதில் நம்மவர்களுக்கு நிகர் யாருமில்லை. அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டே வந்த புதிதில் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு வாய்த்த மேலாளர் நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதற்குப் பதில் கேட்பார். ஒருநாள் மதிய இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தின் கோடிக்குப் போய், காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என் சொந்தக் கைப்பேசியில் அழைத்தேன். (அலுவலகத் தொலைபேசியையும் அலுவலக மின்னஞ்சலையும் இதற்குத் தொடவே கூடாது.) எடுத்த அம்மையார் முதலில் கேட்டது, ‘இப்போது தனிமையில் இருக்கிறீர்களா?’ என்பது. பிறகு ரகசியத்தின் எல்லைகளைப் பாடம்போல் வாசித்தார். அடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று, முகவரி கேட்கும் அதே குரலில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வழக்கமாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. உங்களிடமும் கேட்பார்கள், பதறாமல் உண்மையைச் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு வாய்ப்பழக்கத்தில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அதன் பிறகுதான் பேச்சு வந்தது. இன்று என்னால் எந்த மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தும் ‘இது என்னால் இயலாது’ என்று சொல்ல முடிகிறதென்றால், அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கலாம். பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரையாவது ஏற்பாடு செய்வார்கள். நான் கேட்கவில்லை. நம் வட்டம் சிறியது, பொதுநிகழ்ச்சியில் எதிரே வந்து நிற்பாரோ என்ற கூச்சம்.

இன்னொன்றையும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஆலோசகரிடம் சொன்னது புகார் ஆகாது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1936-இல் தொழிலாளர்களுக்கு ஆலோசகர்களை அமர்த்தினார்கள். குறைகளைக் கேட்பது அவர்கள் வேலை, அவற்றைத் தீர்ப்பது அன்று. 1940-களில் அமெரிக்க நிறுவனங்கள், குடிப்பழக்கத்தால் திறமையான ஆட்களை இழக்காதிருக்கத் தொடங்கிய திட்டங்களே இன்றைய ஈ.ஏ.பி.யின் வேர். முதலாளியின் நலனும் இதில் பிறந்ததிலிருந்தே கலந்திருக்கிறது. ஆகவே மேலாளர் மீது புகார் உண்டென்றால் அதைத் தனியாக, எழுத்தில், தேதி போட்டு மனிதவளத் துறைக்கோ தொழிற்சங்கத்துக்கோ கொடுங்கள். புகாருக்கான காலக்கெடு, நீங்கள் ஆலோசனைக்குப் போகிறீர்கள் என்பதற்காக நின்றுவிடாது. வேலைப்பளுவைக் குறைக்காமல் மதிய வேளையில் தியான வகுப்பு நடத்திவிட்டுக் கைகழுவும் நிறுவனங்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களே, ஆளுக்குப் பயிற்சி தருவதோடு நில்லாமல் வேலையின் சூழலையும் மாற்றச் சொல்கின்றன.

ஆலோசனை அமர்வுகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மருந்து கிடையாது, விடுப்புச் சான்றிதழும் அநேகமாகக் கிடைக்காது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். விசாவைப் பொறுத்தவரை, ஆலோசகருக்கு உங்கள் விசா வகையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் மனைவிக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். பல திட்டங்களில் குடும்பத்தாரும் அழைக்கலாம். அவர் அழைத்ததை உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். வேலையும் இல்லாமல், பேச ஆளும் இல்லாமல் நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர். எண்ணைக் கொடுத்த பிறகு, அழைத்தாயா, என்ன சொன்னாய் என்று விசாரிக்காமல் இருங்கள்.